இளம் குடியரசின் குடிப்படை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விடுதலைப் போர் பற்றியோ அங்குள்ள துப்பாக்கி உரிமை பற்றியோ பேச்சு வந்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது ‘மிலிஷியா’, அதாவது குடிப்படை, என்பார்கள். உடனே சந்தேகங்கள் வரிசை கட்டும், பெரும்பாலும் அதே சந்தேகங்கள். 1775 முதல் ஏறத்தாழ 1840 வரை அந்தப் புதிய நாடு தன் குடிமக்களைக் கொண்டு ஒரு படையை எப்படிக் கட்டப் பார்த்தது என்பதை, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளின் போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

குடிப்படைன்னா என்ன? அதுவும் ராணுவம்தானே?

இல்லை. ராணுவத்தில் சேர்ந்தவருக்கு அதுதான் தொழில். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆண்டு முழுக்க முகாமில் இருப்பார். குடிப்படைக்காரர் உழவராகவோ கொல்லராகவோ கடைக்காரராகவோ இருப்பார். ஆண்டில் சில நாட்கள் பயிற்சிக்குப் போவார். ஆபத்து வந்து அழைப்பு வந்தால் சொந்தத் துப்பாக்கியோடு கிளம்புவார், முடிந்ததும் வீடு திரும்புவார்.

இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பழக்கம் இது. குடியரசு பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்பிருந்தே பெரும்பாலான குடியேற்றங்களில் இப்படியொரு ஏற்பாடு இருந்தது.

சும்மா ஒரு ராணுவத்தை வைத்துக்கொண்டால் போயிற்று, ஏன் இந்தச் சுற்றுவழி?

இரண்டு காரணங்கள். முதலாவது பயம். சமாதான காலத்திலும் கலையாமல் இருக்கும் படை ஆட்சியாளரின் கைக்கருவியாகிவிடும் என்று அந்தத் தலைமுறை உறுதியாக நம்பியது. வெறும் ஏட்டுப் பயம் இல்லை அது. 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டு ஐந்து பேர் இறந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது காரணம் காசு. போர் முடிந்தபோது புதிய அரசு கடனில் மூழ்கியிருந்தது. 1784 ஜூன் 2 அன்று நாடாளுமன்றமான காங்கிரஸ் மிச்சமிருந்த படையைக் கலைத்துவிட்டு, ஃபோர்ட் பிட்டிலும் வெஸ்ட் பாயின்டிலும் கிடங்குகளைக் காக்க 80 சிப்பாய்களை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரு நாட்டின் மொத்த ராணுவமே 80 சிப்பாய். மறுநாளே மேற்கு எல்லைக்கு ஆள் போதாது என்று நான்கு மாநிலங்களிடம் அவர்களுடைய குடிப்படையிலிருந்து 700 பேர் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் நிலைமை புரியும்.

விடுதலைப் போரில் ஜெயித்ததே இந்தச் சாதாரண மக்கள்தான்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கன்கார்டிலும் பிரிட்டிஷ் படையை எதிர்கொண்டு, பாஸ்டன் வரை விரட்டியது மாசசூசெட்ஸ் குடிப்படைதான். அதில் ‘மினிட்மென்’ எனப்பட்டவர்கள் உடனடியாகக் கிளம்பத் தயாராக இருக்கும்படி குடிப்படையிலிருந்து தனியே பிரித்து வைக்கப்பட்டவர்கள். 1774 இலையுதிர் காலத்திலேயே அந்த ஏற்பாடு தொடங்கிவிட்டது. ஒரே இரவில் பொங்கி எழுந்த கூட்டம் என்ற படம் தவறு. பல மாதங்கள் பெயர்ப் பட்டியல் எழுதி, வெடிமருந்து சேர்த்து, செய்தி கொண்டுபோக ஆள் நியமித்துச் செய்த வேலை அது.

ஆனால் ஆறேழு ஆண்டுகள் போரைத் தாங்கியது 1775 ஜூனில் உருவான கண்டப் படை, அதாவது சம்பளத்துக்குச் சேர்ந்த வழக்கமான ராணுவம். குடிப்படையை நம்புவது முறிந்த கோலில் சாய்வதற்குச் சமம் என்று 1776 செப்டம்பரில் அந்தப் படையின் தளபதி வாஷிங்டனே காங்கிரசுக்கு எழுதினார். அவருக்கு இருந்த எரிச்சல் நியாயமானது. அறுவடை வந்தால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், வந்தவர்களுக்குப் பாதிப் பேரிடம் ஆயுதம் சரியிருக்காது. அதே வாஷிங்டன் 1783-ல் சமாதான காலத் திட்டம் எழுதும்போது, நன்றாக ஒழுங்கமைக்கப்பட்ட குடிப்படை அவசியம் என்றார். முரண்பாடு போலத் தோன்றும். குடிப்படையே வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஒழுங்கு இல்லாத குடிப்படையைத்தான் திட்டினார்.

யாரெல்லாம் சேரணும்? விருப்பப்பட்டவங்க மட்டுமா?

கட்டாயம். 1792 மே 8-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம், 18 வயது நிறைந்த, 45 வயது ஆகாத, உடல் தகுதியுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமகன் ஒவ்வொருவரையும் தன் பகுதி கம்பெனியின் கேப்டன் பதிவு செய்ய வேண்டும் என்றது. விண்ணப்பம் எல்லாம் கிடையாது. கேப்டன் உங்கள் பெயரை எழுதிவிட்டு அறிவிப்பு அனுப்புவார்.

விலக்குப் பட்டியல் சுவாரசியமானது. துணை ஜனாதிபதி, நீதிபதிகள், காங்கிரஸ் உறுப்பினர்கள், சுங்க அதிகாரிகள் ஆகியோரோடு தபால் வண்டி ஓட்டுநர்களுக்கும், தபால் சாலையில் படகுத்துறை நடத்துபவர்களுக்கும், கடலில் வேலை செய்யும் மாலுமிகளுக்கும் விலக்கு உண்டு. செய்தியும் சரக்கும் நின்றுபோனால் படையே நகராது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இது போக, ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு விலக்குகளைச் சேர்க்கலாம் என்றும் சட்டம் அனுமதித்தது. மாநிலங்கள் தாராளமாகவே சேர்த்தன.

துப்பாக்கியை அரசாங்கம் கொடுத்ததா?

இல்லை, சிக்கலின் வேரே இதுதான். பதிவான ஆறு மாதத்துக்குள் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் நல்ல மஸ்கெட் துப்பாக்கி, முனையில் மாட்டும் ஈட்டிக் கத்தி, இரண்டு உபரிச் சக்கிமுக்கிக் கற்கள், முதுகுப் பை, 24 தோட்டாக்களுக்குக் குறையாமல் கொள்ளும் பெட்டி ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரைஃபிள் வைத்திருப்பவர் என்றால் 20 குண்டுகளும் கால் பவுண்டு வெடிமருந்தும் கொண்டுவர வேண்டும். இந்த ஆயுதங்களைக் கடனுக்காகவோ வரிக்காகவோ ஜப்தி செய்யக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் முதலில் வாங்கப் பணம் வேண்டுமே.

விலையைப் பாருங்கள். 1798-ல் எலி விட்னி என்ற உற்பத்தியாளரோடு அரசு போட்ட ஒப்பந்தம் 10,000 மஸ்கெட்டுகளுக்கு 1,34,000 டாலர், அதாவது ஒன்று 13 டாலர் 40 சென்ட். 1792-ல் அரசு தன் சிப்பாய்க்குக் கொடுத்த மாதச் சம்பளம் 3 டாலர். அப்படியென்றால் சிப்பாய் ஒருவரின் நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். இன்னொன்று: விட்னி இரண்டு ஆண்டில் முடித்துத் தருவதாகச் சொன்ன அந்த வேலை 1809 வரை இழுத்தது. ஆக, காசு இருந்தாலும் சரக்குத் தட்டுப்பாடு.

பல ஊர்களில் வேட்டைத் துப்பாக்கியையோ பழைய பழுதான மஸ்கெட்டையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு குழாய் அளவு, ஆளுக்கொரு குண்டு. ஐந்து ஆண்டுக்குள் எல்லா மஸ்கெட்டும் ஒரு பவுண்டுக்குப் பதினெட்டுக் குண்டு என்ற அளவுக்கு வர வேண்டும் என்று சட்டம் காலக்கெடு வைத்தது. கெடுவைத் தாண்டினால் என்ன தண்டனை என்று அதே சட்டத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 1808-ல்தான் காங்கிரஸ் ஆண்டுக்கு 2,00,000 டாலர் ஒதுக்கியது. விட்னி விலையில் அது சுமார் 15,000 துப்பாக்கி. பதிவில் இருந்தவர்களோ பல லட்சம்.

ஒரு ஊர்ல இதை எப்படி அமைப்பாங்க? கீழேருந்து மேலே சொல்லுங்க.

அடித்தளம் கம்பெனி. சட்டப்படி 64 சிப்பாய்கள். மேலே ஒரு கேப்டன், ஒரு லெப்டினன்ட், ஒரு கொடி அதிகாரி, நான்கு சார்ஜன்ட், நான்கு கார்ப்பரல், கூடவே ஒரு முரசுக்காரர், ஒரு குழல்காரர். ஐந்து கம்பெனி ஒரு பட்டாலியன், இரண்டு பட்டாலியன் ஒரு ரெஜிமென்ட், நான்கு ரெஜிமென்ட் ஒரு பிரிகேட். மாநிலத்துக்கு ஒரு அட்ஜுடன்ட் ஜெனரல் இருந்து கணக்கை வாங்கி ஆண்டுதோறும் மாநில ஆளுநரிடம் வைக்க வேண்டும். ஆள் அடர்த்தி குறைந்த இடங்களில் ‘வசதிப்பட்டால்’ இப்படி என்று சட்டமே விட்டுக்கொடுத்தது.

முரசுக்காரர் அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். புகை மண்டிய களத்தில் கேப்டன் கத்துவது காதில் விழாது, கட்டளை முரசு வழியாகத்தான் போகும். இந்த ஏணியில் உண்மையான பாரம் விழுந்தது கேப்டன் மேல்தான். பட்டியலைப் புதுப்பிப்பது, யாரிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்று பார்ப்பது, வராதவர் பெயரைக் குறிப்பது எல்லாம் அவர் வேலை. மேலே இருந்த பிரிகேடியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை குதிரையில் வந்து போனார்கள்.

தளபதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்களாமே?

பல மாநிலங்களில் ஆமாம். 1787 அரசியலமைப்பு குடிப்படை அதிகாரிகளை நியமிக்கும் உரிமையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது, அதனால் வழக்கம் இடத்துக்கு இடம் மாறியது. மாசசூசெட்ஸின் 1780 அரசியலமைப்பில் கம்பெனி ஆட்கள் எழுத்து வாக்கில் கேப்டனைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த அதிகாரிகள் தங்களுக்கு மேலே உள்ளவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பென்சில்வேனியாவில் 1775-ல் சாதாரண சிப்பாய்களே தங்களுக்கென்று ஒரு குழு அமைத்து அதிகாரிகளிடமும் சட்டமன்றத்திடமும் கோரிக்கை வைத்தார்கள்.

இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், என் கருத்தில் நல்லதே அதிகம். பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்திக் களத்துக்கு அழைத்துப்போக முடியாது. அவர் நம்புகிற ஆளால்தான் முடியும். குறையும் உண்டு. கண்டிப்பானவருக்கு ஓட்டு விழாது. கடைசிக் காலத்தில் தேர்தலே கேலிக்கூத்தாகவும் போனது, அதைக் கீழே ‘எப்படி அழிந்தது’ என்ற கேள்வியில் சொல்கிறேன்.

பயிற்சின்னா என்ன சொல்லிக் கொடுத்தாங்க? எத்தனை நாள்?

நாட்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆண்டுக்குச் சில நாட்களுக்கு மேல் போவது அபூர்வம். சில நாள் கம்பெனி அளவில், ஒரு நாள் ரெஜிமென்ட் முழுவதும் கூடும். கற்றுக்கொடுத்தது ஷ்டாய்பென் முறை. பிரஷ்யப் படையில் இருந்த அவர் 1778 பிப்ரவரியில் வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து, முதலில் ஒரு சிறு மாதிரிக் குழுவைப் பழக்கி, அவர்களைக் கொண்டு மற்றவர்களைப் பழக்கினார். அவர் எழுதிய விதிமுறையை 1779-ல் காங்கிரஸ் ஏற்றது. 1792 சட்டம் அதையே குடிப்படைக்கும் விதித்தது.

குறி பார்த்துச் சுடுவது அதில் முக்கியப் பாடம் இல்லை என்றால் ஆச்சரியப்படுவீர்கள். மஸ்கெட் தூரத்தில் குறி தப்பும். எனவே வரிசையாக நிற்பது, ஒரே நேரத்தில் சுடுவது, கலையாமல் திரும்புவது, குண்டு நிரப்பும் அசைவுகளைக் கை தானாகச் செய்யும்வரை பழகுவது இவைதான் பாடம். இவை நாளும் செய்தால்தான் உடம்பில் ஏறும். ஆண்டுக்கு நான்கு நாளில் ஏறாது. மாலையானதும் பயிற்சித் திடல் சந்தையாக மாறிக் குடியும் மல்யுத்தமுமாக முடிந்தது என்ற வர்ணனைகள் நிறைய உண்டு. புன்னகைத்துவிட்டு நகரலாம். ஊர் முழுக்க ஒன்றுகூடும் நாள் வேறு எத்தனை இருந்தது அவர்களுக்கு?

வரலைன்னா என்ன செய்வாங்க?

அபராதம். மாநிலச் சட்டப்படி பயிற்சிக்கு வராததற்கு ஒரு தொகை, ஆயுதம் இல்லாததற்கு ஒரு தொகை. பணக்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஏழைக்கு ஒரு நாள் கூலியும் போகும், வராவிட்டால் அபராதமும் விழும், கட்டாவிட்டால் பொருளை எடுத்துப் போவார்கள். சில மாநிலங்களில் சிறையும் உண்டு.

போருக்கே அழைத்தால் தன்னிடத்தில் இன்னொருவரைக் காசு கொடுத்து அனுப்பலாம். 1790-ல் ஜெனரல் ஹார்மர் தலைமையில் வடமேற்கில் பூர்வகுடிகளுக்கு எதிராகப் போன படையில் முக்கால்வாசி குடிப்படைதான். வந்து சேர்ந்தவர்களில் கிழவர்களும் சிறுவர்களும் கூலிக்கு வந்தவர்களும் இருந்தார்கள், துப்பாக்கிகள் உடைந்திருந்தன என்று பின்னர் நடந்த விசாரணையில் அதிகாரிகள் சாட்சி சொன்னார்கள். படை தோற்றது.

என் மதத்தில் ஆயுதம் தொடக் கூடாதுன்னா?

போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள். பல மாநிலங்கள் அவர்களைச் சேவையிலிருந்து விலக்கிவிட்டு, பதிலுக்கு ஒரு தொகை கேட்டன. போருக்குக் காசு கொடுப்பதும் போர் செய்வதும் ஒன்றே என்று பலர் அதையும் மறுத்தார்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரமும் மாடும் ஜப்தியாகின. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை பற்றிய, அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தின் வரைவில் மனசாட்சிப்படி மறுப்பவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வரி இருந்தது. பிரதிநிதிகள் அவை ஏற்றது, செனட் நீக்கிவிட்டது.

கறுப்பின மக்கள் சேர முடியாதா? அவங்களும் போராடினாங்கன்னு படிச்சேனே.

போராடினார்கள். 1778-ல் ரோட் ஐலண்ட் ஒரு ரெஜிமென்ட்டுக்கு அடிமைகளைச் சேர்த்து விடுதலை கொடுத்தது. 1815 ஜனவரி 8 நியூ ஆர்லியன்ஸ் போரில் சுதந்திரக் கறுப்பினத்தவரின் இரண்டு பட்டாலியன்கள் ஆண்ட்ரூ ஜாக்சனின் வரிசையில் நின்றன. ஆனால் 1792 சட்டத்தின் ‘வெள்ளை’ என்ற சொல் கூட்டாட்சிப் பதிவிலிருந்து அவர்களை வெளியே நிறுத்தியது. 1862 ஜூலையில் உள்நாட்டுப் போரின் நடுவில்தான் காங்கிரஸ் அவர்களைச் சேர்க்கச் சட்டம் போட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. தென் மாநிலங்களில் இரவு ரோந்து சுற்றி அடிமைகளைத் தடுத்து நிறுத்திய குழுக்களுக்கு ஆட்கள் பல இடங்களில் குடிப்படைப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டார்கள். அங்கே குடிப்படை என்றால் பாதி வேலை அதுதான்.

இதைவிட நல்ல திட்டம் யாருமே போடலையா?

போட்டார்கள். போர்ச் செயலர் ஹென்றி நாக்ஸ் 1790 ஜனவரியில் ஒரு திட்டம் கொடுத்தார். எல்லோரையும் ஒரே அளவில் அரைகுறையாகப் பழக்காமல் வயதுப்படி மூன்றாகப் பிரிப்பது: 18 முதல் 20 வரை முன்னணி, 21 முதல் 45 வரை முக்கியப் படை, 46 முதல் 60 வரை இருப்பு. முன்னணி இளைஞர்கள் முதல் இரண்டு ஆண்டு 30 நாளும் மூன்றாம் ஆண்டு 10 நாளும் முகாமில் பயிற்சி பெறுவார்கள். ஆயுதமும் உடையும் அரசு தரும். ஆண்டுதோறும் பயிற்சி முடித்த இளைஞர்கள் முக்கியப் படைக்குள் போய்ச் சேர, பத்து இருபது ஆண்டில் முழுப் படையும் பழகியதாகிவிடும்.

கணக்குப் போட்டால் சரியாகவே வருகிறது. காங்கிரஸ் விலையைப் பார்த்துப் பின்வாங்கியது. கூடவே, பிள்ளைகளை ஒரு மாதம் வேலையிலிருந்து பிடுங்கி முகாமில் அடைப்பதா, ஒழுக்கம் கெட்டுவிடாதா என்ற முணுமுணுப்பு. இரண்டு ஆண்டு இழுத்தடித்து, 1791 நவம்பர் 4 அன்று ஜெனரல் செயின்ட் கிளேரின் படை ஒஹாயோ பகுதியில் பூர்வகுடிகளிடம் தோற்று 600-க்கு மேற்பட்ட ஆட்களை இழந்த அதிர்ச்சிக்குப் பிறகு வந்ததுதான் 1792 சட்டம். அதில் பட்டியல் இருந்தது, அளவு இருந்தது, எண்ணிக்கை இருந்தது. ஒரு டாலர் இல்லை. ஜனாதிபதி ஜெஃபர்சன் 1805-ல் வயதுப் பிரிவு யோசனையை மறுபடி எடுத்தார். மறுபடி தோற்றது. புதிய அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய ஹாமில்டன் 1788-லேயே எச்சரித்திருந்தார்: எல்லோரையும் தேர்ந்த சிப்பாய்களாக்க முயன்றால் நாட்டின் உழைப்பே வீணாகும், ஒரு சிறு பகுதியை நன்றாகப் பழக்குங்கள் என்று. என்னைக் கேட்டால், முழு வரலாற்றிலும் தவறவிட்ட பெரிய வாய்ப்பு நாக்ஸ் திட்டம்தான்.

படையை யார் கூப்பிடலாம்? ஜனாதிபதி நினைச்சா போதுமா?

அரசியலமைப்பு மூன்று காரணங்களைத் தந்தது: சட்டத்தை நிறைவேற்ற, கிளர்ச்சியை அடக்க, படையெடுப்பைத் தடுக்க. அழைக்க வழி செய்வது காங்கிரசின் அதிகாரம். 1792 மே 2 சட்டம் அதை ஜனாதிபதிக்குக் கொடுத்தது. ஆனால் சட்டம் நடைமுறைப்படுத்த முடியாத நிலை என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி எழுதித் தர வேண்டும், கலைந்துபோகச் சொல்லி முன்கூட்டியே பிரகடனம் வெளியிட வேண்டும், எவரையும் ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 1795-ல் நீதிபதிச் சான்று தேவை நீக்கப்பட்டது, மற்றவை இருந்தன.

கிளர்ச்சி பண்றவங்களும் அதே குடிப்படை ஆட்கள்தானே? அப்போ யாரை வச்சு யாரை அடக்குவது?

இந்தக் கேள்வி கேட்டவர் பாடத்தைப் பிடித்துவிட்டார். 1786-ல் மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் நசுங்கிய உழவர்கள் நீதிமன்றங்களை மூடியபோது, கிரேட் பாரிங்டனில் நீதிமன்றத்தைக் காக்கக் கூட்டிய குடிப்படையில் பெரும்பாலோர் சாலையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்கள். கடைசியில் ஆளுநர், பாஸ்டன் வணிகர்களிடம் பணம் திரட்டி, பெஞ்சமின் லிங்கன் தலைமையில் தனிப்படை அனுப்ப வேண்டியிருந்தது.

1794-ல் மேற்குப் பென்சில்வேனியாவில் விஸ்கி வரிக்கு எதிராக எழுந்தவர்கள் தங்கள் குடிப்படைக் கம்பெனிகளாகவே அணிவகுத்தார்கள். ஜூலை 17 அன்று வரி அதிகாரி ஜான் நெவிலின் வீட்டைத் தாக்கி எரித்தவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் மெக்ஃபார்லேன் விடுதலைப் போரில் அதிகாரியாக இருந்தவர். அரசு சொல்லிக்கொடுத்த அமைப்பையே அரசுக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள்.

வாஷிங்டன் செய்தது நான்கு மாநிலங்களிலிருந்து ஆள் எடுத்தது. பென்சில்வேனியா, நியூஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியாவுக்குச் சேர்த்துக் கேட்ட எண்ணிக்கை 12,950. நீதிபதி ஜேம்ஸ் வில்சனின் சான்று, பிரகடனம் என்று முந்தைய பதிலில் சொன்ன படிகள் எல்லாம் நடந்தன. ஆள் எடுப்பை எதிர்த்துச் சில ஊர்களில் தனிக் கலகமே வந்தது. ஆனாலும் படை சேர்ந்தது. போய்ச் சேர்வதற்குள் கிளர்ச்சி கரைந்துவிட்டது. தேசத்துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார். அக்கம்பக்கத்துப் படை அக்கம்பக்கத்தை அடக்காது, தூரத்துப் படைதான் அடக்கும் என்பது அப்போது தெளிவானது. குடிப்படையை விரும்பியவர்கள் பயந்ததும் இதே விஷயத்துக்குத்தான்.

மாநில ஆளுநர் ‘அனுப்ப மாட்டேன்’னு சொன்னா?

சொன்னார்கள். 1812-ல் பிரிட்டனோடு தொடங்கிய போரில் மாசசூசெட்ஸ் ஆளுநர் கேலப் ஸ்ட்ராங்கும் கனெக்டிகட் ஆளுநர் ராஜர் கிரிஸ்வோல்டும் மறுத்தார்கள். படையெடுப்பு நடக்கிறதா என்று முடிவு செய்வது ஆளுநர்தான் என்பது அவர்கள் வாதம். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் ஆமோதித்தார்கள்.

போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு பதில் வந்தது. 1814-ல் அழைப்புக்கு வராத மாட் என்ற நியூயார்க் குடிப்படைக்காரருக்கு 96 டாலர் அபராதம் விழ, வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவசரநிலை வந்துவிட்டதா என்று தீர்மானிப்பவர் ஜனாதிபதி ஒருவரே என்று 1827-ல் நீதிபதி ஸ்டோரி எழுதினார்.

எல்லை தாண்டி வேற நாட்டுக்குள்ள போகச் சொல்லலாமா?

மேலே சொன்ன மூன்று காரணங்களைத் திரும்பப் பாருங்கள். அடுத்த நாட்டின் மேல் படையெடுப்பது அதில் இல்லை. 1812 அக்டோபர் 13 அன்று குவீன்ஸ்டன் ஹைட்ஸில் முதலில் ஆற்றைக் கடந்த அமெரிக்கர்கள் குன்றைப் பிடித்துவிட்டார்கள். உதவிக்கு வர வேண்டிய நியூயார்க் குடிப்படையில் பலர் நயாகரா ஆற்றின் இக்கரையில் நின்று, கனடா மண்ணில் கால் வைக்கச் சட்டம் தங்களைக் கட்டாயப்படுத்தாது என்று மறுத்துவிட்டார்கள். திரும்பி வந்த படகுகளில் இருந்த காயம்பட்டவர்களைப் பார்த்தபின் அந்தச் சட்ட நுணுக்கம் எல்லோருக்கும் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும். மறுகரையில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள்.

மொத்தத்தில் குடிப்படை சண்டைக்கு உதவாத கூட்டம்தானே?

1814 ஆகஸ்ட் 24 பிளேடன்ஸ்பர்க்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். குடிப்படை சிதறி ஓடியது, அன்று இரவே வாஷிங்டன் நகரம் எரிந்தது. மூன்று வாரம் கழித்து பால்டிமோரைப் பாருங்கள். செப்டம்பர் 12 அன்று நார்த் பாயின்டில் மேரிலாந்து குடிப்படை நின்று சண்டையிட்டுத் தாமதப்படுத்தியது, பிரிட்டிஷ் தளபதி ராஸ் இறந்தார், நகரம் தப்பியது.

வித்தியாசம் ஏற்பாட்டில்தான். பிளேடன்ஸ்பர்க்கில் அவசரமாகக் கூடிய ஆட்கள், கடைசி நிமிடத்தில் யார் யாரோ இடம் மாற்றிய வரிசை. பால்டிமோரில் மேரிலாந்து குடிப்படை ஜெனரல் சாமுவேல் ஸ்மித் மாதக்கணக்கில் பள்ளம் தோண்டி, பீரங்கி வைத்து, ஆட்களுக்கு அவர்கள் காக்க வேண்டிய இடத்தைக் காட்டியிருந்தார். 1781 ஜனவரி 17 கவ்பென்ஸில் டேனியல் மார்கன் இன்னும் நுட்பமாகச் செய்தார். குடிப்படையிடம் ‘இரண்டு முறை சுடுங்கள், அப்புறம் பின்னால் போய்விடுங்கள்’ என்றார். ஓடாதே என்று கெஞ்சவில்லை. ஓடுவதையே திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். துரத்தி வந்த பிரிட்டிஷ் படை பின்னால் நின்ற வழக்கமான ராணுவத்தின் மேல் மோதியது.

பிறகு எப்படி அழிந்தது?

யாரும் ஒழிக்கவில்லை, மதிப்பு போய் உதிர்ந்தது. எதிரி இல்லை, துப்பாக்கி இல்லை, அபராதம் மட்டும் இருந்தது. 1825-ல் பிலடெல்பியாவில் ஒரு ரெஜிமென்ட் ஆட்கள் லாயத்தில் வேலை செய்த ஜான் பிளக் என்பவரைக் கர்னலாகத் தேர்ந்தெடுத்து, பெரிய தொப்பியும் வாளும் மாட்டிக் கோமாளி ஊர்வலம் விட்டார்கள். அந்த மனிதரைப் பலியாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கோபம் யார் மேல் என்பது புரிகிறது. டெலவேர் 1831-லும் மாசசூசெட்ஸ் 1840-லும் கட்டாயப் பயிற்சியைக் கைவிட்டன, மற்றவையும் பின்தொடர்ந்தன.

அந்த இடத்தைத் தன்னார்வக் கம்பெனிகள் பிடித்தன. சொந்தச் செலவில் சீருடை தைத்து, விருப்பத்தோடு பழகிய நகரத்து இளைஞர்கள். விடுதலைப் போரில் அமெரிக்கர்களோடு போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் 1824-ல் வந்தபோது நியூயார்க்கின் ஒரு பிரிவு அவர் நினைவாக ‘நேஷனல் கார்டு’ என்று பெயர் வைத்துக்கொண்டது. பெயர் மெல்ல நாடெங்கும் பரவியது. 1792 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது 1903-ல். நூறாண்டுக்கும் மேலாக அந்தப் பழைய சட்டம் ஏட்டில் உயிரோடு இருந்தது.

இரண்டாம் திருத்தம் குடிப்படைக்கா, தனி ஆளுக்கா?

1791 டிசம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்த அந்த ஒற்றை வாக்கியம், நன்கு ஒழுங்கமைக்கப்பட்ட குடிப்படையின் தேவையைச் சொல்லித் தொடங்கி மக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையில் முடிகிறது. எந்தப் பாதிக்கு எடை அதிகம் என்பதுதான் சண்டை. 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், குடிப்படையில் இல்லாத தனிநபருக்கும் உரிமை உண்டு என்றது. சட்டமாக அதுவே இன்றைய நிலை. வரலாறாகப் பார்த்தால், 1791-ன் வாசகருக்கு இரண்டு பாதியும் இவ்வளவு தூரம் விலகித் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். துப்பாக்கி வாங்குவது அவருக்கு அடுத்த ஆண்டே சட்டக் கடமையாகப் போகிறது.

இன்னிக்கு சிலர் துப்பாக்கி தூக்கிக்கிட்டு ‘நாங்க மிலிஷியா’ன்னு சொல்றாங்களே, அது செல்லுமா?

இந்தப் பக்கத்தில் பேசிய குடிப்படையின் அதிகாரிக்கு நியமன ஆணை தந்தது மாநிலம், பட்டியல் பொதுப் பதிவேடு, அழைத்தது ஜனாதிபதி அல்லது ஆளுநர். தாங்களே கூடித் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளும் குழுவுக்கு இதில் எதுவும் இல்லை.

இதற்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. 1879-ல் சிகாகோவில் ஹெர்மன் பிரெசர் என்பவர் ஒரு ஜெர்மானியத் தொழிலாளர் சங்கத்தின் ஆயுதமேந்திய ஊர்வலத்தைக் குதிரையில் அமர்ந்து நடத்திப் போனார். மாநில உரிமம் இல்லாமல் ஆயுத அணிவகுப்பு நடத்தக் கூடாது என்ற இல்லினாய் சட்டப்படி 10 டாலர் அபராதம். அவர் இரண்டாம் திருத்தத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் போனார். 1886-ல் நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. மாநிலங்கள் அத்தகைய அணிவகுப்பைத் தடுக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பை ஹெல்லர் வழக்கும் மாற்றவில்லை.